மலைக்குடில் பதிவேட்டில் நான் போட்ட டிட்டோ

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், மற்றதைப் பிறகு கௌரவமாகப் பேசலாம். போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சுவிட்சர்லாந்தில், கடல் மட்டத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர் மேலே இருக்கும் ஒரு மலைக்குடிலின் பதிவேட்டில், 'இங்கிருந்து எங்கே போகிறீர்கள்?' என்று கேட்டிருந்த கட்டத்துக்குள் நான் டிட்டோ போட்டேன். மேல் வரியில் யார், என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்காமலேயே போட்டேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வேதியியலில் முதுகலை. கண்ணாடியும் அப்போது மூக்கின் மேல்தான் இருந்தது.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். கேட்டில் வெளியே போகிறவர்களுக்கென்று ஒரு நீளப் பதிவேடு; சணலில் கட்டித் தொங்கும் பேனா. பெயர், பிரிவு, நேரம், காரணம். முதலில் போகிறவர் பாவம், எல்லாவற்றையும் எழுதுவார். அவருக்குக் கீழே நாங்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு மீதிக் கட்டங்களில் மளமளவென்று டிட்டோ போட்டுக்கொண்டே போவோம். தூரத்திலிருந்து பார்த்தால் பக்கத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் முதல் ஆள் காரணத்தில் 'மனைவிக்குப் பிரசவ வலி' என்று எழுதிவிட்டு ஓடினார். அன்று சாயங்காலத்துக்குள் கேன்டீன் சாமிக்கண்ணு, கல்யாணமாகாத இரண்டு பேர், கணக்குப் பிரிவு அம்மணி உட்படப் பதினோரு பேரின் மனைவிகளுக்குப் பிரசவ வலி. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. பதிவேடு நிரப்புவதற்குத்தான் இருக்கிறது என்பது அங்கே நான் பெற்ற கல்வி.

இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. இங்கே பதிவேட்டைப் படிக்கிறார்கள் என்பது எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரியவந்தது.

2

என் மகள் இனியாவுக்குப் பதினேழு வயது. பள்ளி விடுமுறையில் ஆறு வாரம் அந்தக் குடிலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குடில் என்றதும் கீற்றுக் கொட்டகையை நினைக்க வேண்டாம். கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஏறினால் வரும் கல் வீடு. கீழே சாப்பாட்டுக் கூடம், மாடியில் வரிசையாகப் படுக்கைகள். மலையேறுகிறவர்கள் சூப் குடித்து, தூங்கி, விடியலில் அடுத்த குடிலுக்குப் போவார்கள்.

"ஏன்டா செல்லம், கீழயே எத்தனையோ ஹோட்டல் இருக்குதே?" என்று கேட்டேன்.

"கீழ நீ இருக்கியேப்பா," என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அந்த மூன்று வார்த்தையை நான் ஆறு வாரமும் மென்றுகொண்டிருந்தேன். சமீப காலமாக நான் தமிழில் கேட்டால் அவள் இந்த ஊர் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். அதுவும் புத்தக ஜெர்மன் அல்ல, தொண்டைக்குள் கூழாங்கல்லை உருட்டுகிற பேச்சு வழக்கு. நான் மாலை வகுப்பில் காசு கட்டிக் கற்றது புத்தக ஜெர்மன். ஆக என் வீட்டுக்குள்ளேயே நான் பாதி வாக்கியங்களை முகத்தைப் பார்த்து ஊகிக்கிறவன்.

தினமும் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்வேன். குடிலின் பின்பக்கச் சுவரோரம் நின்றால்தான் அவளுக்கு சிக்னல் வரும். மின்னல் உண்டா, பாறை உருளுமா, கன்றோடு இருக்கும் மாடு முட்டுமாமே, ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று வரிசையாகக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு "ம்" வரும்.

நான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். கடலூரில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். மூன்றாம் எண் ஏற்றினால் செய்தித்தாளைப் புரட்டிவிட்டு வேறு பக்கம் போவோம். ஏழாம் எண் ஏற்றினால் அலை எப்படி வருகிறதென்று பார்க்கக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவோம். எங்களுக்குக் கடல் பழகிவிட்டது. மலைதான் பழக்கமில்லை. கேப்பர் மலையை நாங்களும் மலை என்றுதான் சொல்கிறோம். நகரப் பேருந்து கியர் மாற்றாமல் அதில் ஏறிவிடும்.

3

இந்தச் சமயத்தில்தான் என் மச்சான் பாஸ்கர் சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினான். என் மனைவி கலைச்செல்வியின் தம்பி. மேலவீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்பமும் நடத்துகிறான். பட்டா மாறுதலோ பாஸ்போர்ட்டோ எதுவானாலும் அவன் கைபடாத விண்ணப்பம் அந்தத் தாலுகாவில் கிடையாது. முதல் வெளிநாட்டுப் பயணம். அக்கா மகளுக்கென்று ஒரு சம்படம் நிறைய அதிரசம் கொண்டுவந்திருந்தான். அதை நேரில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இனியாவுக்குப் போன் செய்து நாளை வருகிறோம் என்றேன்.

"ஏரி வரைக்கும் வாங்க. அதுக்கு மேல குடில் முக்கால் மணி நேரம். ஆனா மாமாவுக்கு ஷூ இருக்கா? நீ மூச்சு வாங்குவியேப்பா?"

"யாரு, நானா? குடில் என்ன குடில், அதுக்கு மேல ஒரு கணவாய் இருக்குதுன்னு சொன்னியே, அதையும் ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் இறங்குவோம்."

"அப்பா, அது நீல மார்க், ரொம்பக் கஷ்டமான வழி. உனக்கில்ல."

"பார்க்கலாம் பார்க்கலாம்," என்றேன். பக்கத்தில் பாஸ்கர் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதைத் தவிர நான் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. கலைச்செல்வியும் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இது பின்னால் எனக்கு எதிரான சாட்சியமாகும் என்று அப்போது தெரியாது.

4

காலை ஏழே முக்காலுக்கு மஞ்சள் பஸ் எங்களை ஒரு சின்ன மலைக்கிராமத்தில் இறக்கிவிட்டுப் போனது. ஒன்பது வீடு, ஒரு தேவாலயம், குடைந்த மரத்தொட்டியில் சதா விழுந்துகொண்டிருக்கும் தண்ணீர். வெயிலில் கறுத்துப்போன மர வீடுகள். ஜன்னல்தோறும் சிவப்புப் பூந்தொட்டி. ஆள் அரவமே இல்லை.

"என்னா மாமா, ஊரையே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களா?" என்றான் பாஸ்கர். "ஒரு டீக்கடைகூட இல்லாம எப்பிடி மாமா ஊருன்னு பேரு வச்சாங்க?"

அங்கிருந்து காடு. தளதளவென்று ஈரம். தேவதாருக்களுக்கு நடுவே பாதை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. காலடியில் ஊசியிலை மெத்தை. நடந்த சத்தமே கேட்காது. பாறைகளில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டையடித்திருப்பார்கள், வழி தவறாமல் இருக்க. பாஸ்கர் முதல் பாறையைக் கண்டதும் செருப்பைக் கழற்றப் போகிறவன் மாதிரி நின்றான்.

"கோயில் மதிலு மாதிரியே அடிச்சி வச்சிருக்கான் மாமா."

திருப்பங்களில் மஞ்சள் கைகாட்டிகள். அவற்றில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். ஏரிக்கு ஒன்றே முக்கால் மணி. எங்களுக்கு இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆனது. எழுபது வயதுக் கிழவி ஒருத்தி இரண்டு கைத்தடியோடு எங்களைத் தாண்டிப் போனாள், வணக்கம் சொல்லிக்கொண்டே. இந்த நாட்டில் கீழே, ரயிலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆயிரம் மீட்டர் ஏறிவிட்டால் எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம். பாஸ்கருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பசுக்களுக்கும் சொன்னான்.

ஏரி வந்தது. மூன்று பக்கம் பாறை, நடுவே பச்சை மையைக் கரைத்து ஊற்றிய மாதிரி தண்ணீர். பனி மலையொன்று தலைகீழாக அதற்குள் அசையாமல் நின்றது. நான் கரையோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பாஸ்கர் இடுப்பில் கைவைத்து இந்தக் கரையையும் அந்தக் கரையையும் பார்த்தான்.

"படகு இல்லியா மாமா?"

"இல்ல."

"இம்மாம் பெரிய ஏரிய வச்சிக்கினு ஒரு படகு வுடல. நம்ம கிள்ளைக்காரனுங்க கிட்ட குடுத்தா இந்நேரம் பிச்சாவரம் மாதிரி டிக்கெட் போட்டிருப்பானுங்க."

என் போனில்தான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். இந்த ஊர் சிம் இல்லாததால் அவன் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். குடிலை அடையும்போது என் போன் உயிரை விட்டிருந்தது.

5

குடிலில் மதியக் கூட்டம். நான் மனசுக்குள் ஒரு காட்சியைத் தயார் செய்துகொண்டுதான் ஏறியிருந்தேன்: மகள் ஓடிவருகிறாள், அப்பா, மாமா என்கிறாள், சுற்றியிருக்கும் வெள்ளைக்காரர்கள் நெகிழ்கிறார்கள். நடந்தது வேறு. ஒரே கையில் மூன்று சூப் கிண்ணத்தோடு இனியா எங்களைக் கடந்து போனாள். தலையில் ஒரு கைக்குட்டை, முகமெல்லாம் வெயிலில் காய்ந்து, யாரோ ஒரு பெண் மாதிரி இருந்தாள். திரும்பி வருகிற வழியில், அந்த ஊர் வழக்கில், உட்காருங்கள், ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்றாள். அதே வாக்கியத்தை அடுத்த மேசைக்காரர்களுக்கும் சொன்னாள்.

வந்தபோது மாமனிடம் தமிழில்தான் பேசினாள். "எப்டி மாமா இருக்கீங்க? கால் வலிக்குதா?" சம்படத்தைத் திறந்து அங்கேயே ஓர் அதிரசத்தைக் கடித்தாள். பாஸ்கர் கண் கலங்கிவிட்டான். என்னிடம், "அப்பா, இன்னைக்கு உர்ஸ் கீழ சாமான் வாங்கப் போயிருக்காரு, நானும் இன்னொரு பொண்ணும்தான், நின்னு பேச முடியாது," என்றாள். உர்ஸ் என்பவர் குடிலின் பொறுப்பாளர். மேசைக்கு மேசை அவளை "இனி, இனி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வைத்த பெயரில் பாதிதான் அங்கே புழக்கத்தில் இருந்தது.

கிளம்பும்போது அவள் உள்ளே இருந்தாள். கதவருகே அந்தப் பெரிய பதிவேடு திறந்து கிடந்தது. தேதி, பெயர், எத்தனை பேர், எங்கிருந்து, எங்கே.

"கையெழுத்துப் போடணுமா மாமா?" என்றான் பாஸ்கர்.

"சும்மா, வந்தவங்க பேரு எழுதறது."

மேல் வரியில் யாரோ இரண்டு பேர். நான் என் பெயரை எழுதி, எண்ணிக்கையில் டிட்டோ, எங்கிருந்து என்பதில் டிட்டோ, எங்கே என்பதில் டிட்டோ போட்டேன். வாழ்நாளெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துச் சம்பாதிக்கிறவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. கொஞ்சம் கோபமாகவும் இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிக்கொண்டு போகக்கூட ஆளில்லாத இடத்தில் விவரமாக எழுத என்ன இருக்கிறது என்று தோன்றியது.

மேல் வரிக்காரர்கள் காலையில் கணவாயைத் தாண்டி, பனிப்பாளத்தின் ஓரமாக, அந்தப் பக்கத்துக் குடிலுக்குப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

6

நாங்கள் வந்த வழியே ஏரிக்கு இறங்கி, கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றை உருளைக்கிழங்குப் பொரியலோடு சாப்பிட்டு, இன்னொரு சின்னக் கிராமம் வழியாகப் பஸ் பிடித்து, ரயிலேறினோம். சாயங்காலம் ஆறரை மணிக்கு ரயில் ஜன்னலில் பார்த்தால், நாங்கள் இருந்த மலைப் பக்கம் கறுத்துப் போயிருந்தது. மேகத்துக்குள்ளேயே மின்னல் வெட்டியது.

"செம சீன் மாமா," என்றான் பாஸ்கர். "போன்ல சார்ஜ் இல்லாம போச்சே."

"நல்லவேளை, சரியான நேரத்துக்கு இறங்கிட்டோம் பார்," என்றேன். அந்த மேகத்தை இருபது நிமிஷம் ரசித்தோம்.

ஏழரைக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். கலைச்செல்வி முதியோர் இல்ல வேலை முடிந்து வந்த சீருடையை மாற்றாமல் கூடத்தின் நடுவில் போனோடு நின்றுகொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கங்க போயிருந்தீங்க?"

"ஏரிக்கு."

"கணவாய்க்குப் போகலியா?"

"கணவாய்க்கா? நானா?"

ஐந்து மணிக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் குடிலிலிருந்து, சாமான் வாங்கித் திரும்பியிருந்த உர்ஸுக்குப் பேசியிருக்கிறார்கள். தினமும் குடிலுக்குக் குடில் விசாரித்துக்கொள்வார்களாம், யார் கிளம்பினார்கள், யார் வந்து சேர்ந்தார்கள் என்று. பதிவேட்டைப் பார்த்து நான்கு பேர் என்று சொல்லியிருக்கிறார் உர்ஸ். இரண்டு பேர்தான் வந்திருக்கிறார்கள், பின்னால் யாரையும் பார்க்கவில்லையாம். உர்ஸ் எனக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். போன் செத்துக் கிடந்தது. பிறகு கலைச்செல்விக்கு அடித்திருக்கிறார். கணவாய்க்குப் போவதாக வீட்டில் சொன்னாரா என்று கேட்டிருக்கிறார். அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்: சொன்னார்.

"இனியா எங்க?"

கலைச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. "உங்களத் தேடிப் போயிருக்கா. உர்ஸ்கூட. கிளம்பி ரெண்டு மணி நேரம் ஆச்சி. மேல ஆலங்கட்டி விழுதாம்."

7

மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்கு நான்தான் பேச வேண்டியிருந்தது. பத்தொன்பது வருஷ ஜெர்மனில் எனக்கு வரி விலக்கு, வாடகை ஒப்பந்தம், குப்பை பிரிக்கும் விதிகள் எல்லாவற்றுக்கும் வார்த்தை தெரியும். அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"வணக்கம். தொலைந்துபோனவன் பேசுகிறேன்."

"எங்கே இருக்கிறீர்கள்?" என்றது ஒரு நிதானமான பெண் குரல்.

"வீட்டில்."

"எந்தக் குடிலில்?"

"குடில் இல்லை. என் வீட்டில். சோபாவில்."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "காயம் உண்டா?"

"இல்லை."

"உடன் வந்தவர்?"

"அவரும் சோபாவில்."

பெயர் கேட்டாள். தட்சிணாமூர்த்தி என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் பதினைந்து எழுத்து. ஒவ்வொன்றாகச் சொன்னேன். எட்டாவது எழுத்தில் தடம் மாறி மறுபடி முதலிலிருந்து. என் மகள் மலையில் இருக்கிறாள், அங்கே ஆலங்கட்டி விழுகிறது என்று சொல்ல நினைத்தேன். ஆலங்கட்டிக்கு ஜெர்மன் வார்த்தை எனக்குத் தெரியும். வரவில்லை. "மேலிருந்து ஐஸ் விழுகிறது, என் குழந்தை, தயவுசெய்து," என்றேன். முடிக்கும்போது அது எந்த மொழியில் இருந்தது என்று எனக்கே தெரியாது.

அவள் அவசரப்படாமல் சொன்னாள்: உர்ஸிடம் வயர்லெஸ் இருக்கிறது, திரும்பச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், பதில் இல்லை. பாறை முகட்டுக்குப் பின்னால் போனால் கேட்காது, இது வழக்கம்தான். மேகம் இருப்பதால் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. நீங்கள் வீட்டிலேயே இருங்கள். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னாள்.

குடிலுக்குப் பேசினோம். அந்த இன்னொரு பெண் எடுத்தாள். இனியா முதலில் சிரித்தாளாம். எங்கப்பா ஏரியோடு நின்றுவிடுவார், அவர் அப்படித்தான் என்றாளாம். நிச்சயமாகத் தெரியுமா என்று உர்ஸ் கேட்டிருக்கிறார். அவள் கொஞ்ச நேரம் பதிவேட்டில் என் எழுத்தையே பார்த்துவிட்டு, நேற்று போனில் போவேன் என்று சொன்னார், எனக்குத் தெரியவில்லை என்றாளாம். பிறகு, தனியாகவே போகிறேன் என்று உர்ஸ் சொல்லியும், மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டாளாம்.

அதன்பிறகு ஒன்றேகால் மணி நேரம். இதைப் பற்றி எழுத எனக்குத் திறமை போதாது. கலைச்செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். மறுநாள் சீருடையை எடுத்து இஸ்திரி போட்டாள். மடித்தாள். பிரித்து மறுபடி போட்டாள். பாஸ்கர் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்தான்.

"தில்லைக் காளிக்கு வேண்டிக்கினு இருக்கேன் மாமா," என்றான். பிறகு தானாகவே, "நம்ம ஊருல எவன் மாமா ரிஜிஸ்டரப் படிக்கிறான்?" என்றான். கேட்டுவிட்டு அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

எனக்கு எதையெதையோ விட்டு ஒரு சைக்கிள் செயின் ஞாபகம் வந்தது. சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு புயல். பஸ் நின்றுவிட்டது. வீட்டுக்குத் தகவல் சொல்லாமல் நான் கிள்ளையில் நண்பன் வீட்டில் இருந்தேன். அவன் அம்மா நண்டுக் குழம்பு ஊற்ற ஊற்ற சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கடலூர் போனேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. "சைக்கிள் செயின் அறுந்து கெடக்குது, சரி பண்ணிக்கினு வா," என்றார். வந்ததும் வேலை வைக்கிறாரே என்று முனகிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனேன். அந்தப் புயலில் அவர் சிதம்பரத்துக்கு முன்னால் இருக்கும் பு.முட்லூர் வரைக்கும் அந்தச் சைக்கிளை மிதித்து வந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்ட விடாமல் போலீஸ்காரர் திருப்பி அனுப்பிய கதையை, அவர் காரியத்துக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எட்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது. கலைச்செல்விதான் எடுத்தாள். முதலில் உர்ஸ். இரண்டு பேரும் திரும்பிவிட்டோம், முழுசாக நனைந்திருக்கிறோம், முகட்டுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் வயர்லெஸ் கேட்டது, அவள் ஓரிடத்தில் வழுக்கினாள், முழங்காலில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. பிறகு இனியா. கலைச்செல்வி போனை என் கையில் கொடுத்தாள்.

"அப்பா."

"கண்ணு..."

"லூசாப்பா நீ?" குளிரில் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. "லூசா நீ? ஏரிக்குப் போறேன்னு எழுதத் தெரியாதா? நாலு எழுத்துப்பா!"

முழுக்க முழுக்கத் தமிழில் திட்டினாள். நிறுத்தாமல் திட்டினாள். நடுவே அழுகிறாளோ என்று சந்தேகமாக இருந்தது, கேட்கத் தைரியமில்லை.

8

அடுத்த வாரம் மீட்புப் பணி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மிரட்டல் எதுவும் இல்லை. மிக மரியாதையான படிவம். 'தவறான பதிவுக்கான காரணத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்கவும்' என்று எட்டு வரி இடம் விட்டிருந்தார்கள். டிட்டோ என்கிற பழக்கம், அதன் தேசியப் பரவல், அலுவலகங்களில் அதன் பங்கு என்று நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பாஸ்கர் அதைத் தொழில்முறையாகப் பார்வையிட்டு, "ஜாஸ்தியா எழுதாதீங்க மாமா, ஜாஸ்தியா எழுதனா கேள்வி போட்டுத் திருப்பிடுவாங்க," என்றான். கடைசியில், 'படிக்காமல் எழுதினேன். வருந்துகிறேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். என் ஜெர்மனில் பிழையில்லாத முதல் கடிதம் அதுதான்.

அதற்கடுத்த ஞாயிறு தனியாக ஏறினேன். காடு, ஏரி, எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. என் பார்வைக்கு மட்டும் ஒவ்வொரு பாறையும் வழுக்கக்கூடிய பாறையாக இருந்தது. ஏரிக்கு மேலே, எங்கள் பாதை பிரியும் இடத்தில், கணவாய்க்குப் போகும் வழியை நின்று பார்த்தேன். நீலப் பட்டை அடித்த கற்கள் செங்குத்தாக மேலே போய், ஒரு பனிச் சரிவின் ஓரத்தில் மறைந்தன. வெயிலடிக்கிற பட்டப்பகலிலேயே நான் கைகாட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் அதைப் பார்த்தேன். அந்தச் சாயங்காலம் அவள் அங்கே நின்றிருந்தாள் என்பதை மனசு ஏற்க மறுத்தது.

உர்ஸுக்குக் கலைச்செல்வி சுட்டுக் கொடுத்த வடையை நீட்டினேன். ஆறடி மனிதர், தாடி, அதிகம் பேசுகிறவரல்ல. மன்னிப்புக் கேட்க நான் மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். என் வரிக்கு நேரே சிவப்பு மையில் 'வீட்டில்' என்று எழுதியிருந்தார்.

"கணக்கு முடிய வேண்டும் அல்லவா," என்றார். பிறகு, வடையை ஆராய்ந்துகொண்டே, "உங்கள் பெண் நன்றாகக் கத்துவாள்," என்றார். "முகட்டில் நின்று முக்கால் மணி நேரம் உங்கள் மொழியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போகலாம் என்றால் கேட்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஆலங்கட்டிக்கு நடுவே அந்த முகட்டில் தமிழில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவளுக்குத் தமிழ் போய்விட்டதே, நம்மை விட்டுப் போய்விட்டாளே என்று நான் இத்தனை நாள் புலம்பியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாரானேன். இதை ஒரு கட்டுரையாக எழுதலாம் என்றுகூட அங்கேயே தோன்றியது.

மதியக் கூட்டம் கலைந்ததும் இனியா வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலில் பிளாஸ்திரி. வடை ஒன்றை எடுத்துக்கொண்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"உர்ஸ் தனியாவே போறேன்னுதான சொன்னாரு? நீ எதுக்குடா அந்த மழையில கூடப் போன?"

என்ன பதிலை எதிர்பார்த்துக் கேட்டேன் என்பதை மறைத்துப் பயனில்லை.

வடையை மென்று முடித்துவிட்டு, "அன்னைக்கு நாப்பத்தி மூணு பேருக்குப் பாத்திரம் கழுவுற டர்ன் என்னுதுப்பா," என்றாள் இனியா. "மழையே பரவால்லன்னு தோணுச்சு."